ஒரே பள்ளி, இரண்டு ப்ராம்: ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுண்டியில் 2013-ல் நடந்தது

2013 ஏப்ரல் 27, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள வில்காக்ஸ் கவுண்டி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் கார்டீல் என்ற ஊருக்கு, ப்ராம் எனப்படும் நடன விருந்துக்குப் போனார்கள். கறுப்பின மாணவர்களும் வெள்ளையின மாணவர்களும் ஒன்றாகப் போன முதல் ப்ராம் அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு வரை அந்தப் பள்ளியின் பிள்ளைகளுக்கு இரண்டு ப்ராம்கள் நடந்துவந்தன, வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று. பராக் ஒபாமா இரண்டாம் முறை அதிபராகப் பதவியேற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அட்லாண்டாவில் பிறந்த மார்ட்டின் லூதர் கிங், ஜார்ஜியாவின் செம்மண் குன்றுகளைப் பெயர் சொல்லித் தன் கனவைப் பேசியதன் 50-ஆவது ஆண்டும் அதுவே.

அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. படித்தவர்கள் பெரும்பாலும் கேட்டது, இந்தக் காலத்திலுமா இப்படி என்றுதான். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால், இந்த நிகழ்விலிருந்து கற்க வேண்டியது கைக்குக் கிடைக்காமலே போய்விடும். பிரிவினை சட்டப்படி ஒழிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும், ஒரே வகுப்பில் படித்து ஒரே அணியில் விளையாடிய பிள்ளைகள் ஒரு இரவு மட்டும் எப்படித் தனித்தனியாகப் பிரிந்தார்கள் என்பதைத்தான் நான் இங்கே பார்க்கிறேன். ப்ராம் நடத்தும் வேலையிலிருந்து பள்ளி விலகிக்கொண்டது. அந்தக் காலி இடம்தான் பிரிவினைக்குப் போதுமானதாக இருந்தது. இந்த ஆய்வு முழுவதும் நான் சொல்ல வருவது இதைத்தான்.

பள்ளி ஆண்டு எப்படி ஓடுகிறது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வகுப்புகள். ஜார்ஜியாவில் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும். பாடம், தேர்வு எல்லாம் ஒரு பக்கம் இருந்தாலும், ஒரு மாணவர் பின்னாளில் நினைத்துப் பார்க்கும் பள்ளி ஆண்டு அதன் சடங்குகளால் ஆனது.

இலையுதிர் காலம் வந்ததும் வெள்ளிக்கிழமை இரவுகள் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விடும். சிறிய ஊர்களில் கடைகளைச் சீக்கிரம் மூடிவிட்டு ஊரே மைதானத்துக்குப் போகும். அந்தப் பருவத்தின் உச்சம் ஹோம்கமிங். வெளியூர் போய்விட்ட பழைய மாணவர்கள் தாய்ப்பள்ளிக்குத் திரும்பி வரும் வாரம் அது. 1910-களில் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய இந்தப் பழக்கம் பிறகு பள்ளிகளுக்கும் பரவியது. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேடம் உண்டு. ஒரு நாள் இரவு உடையில் வருவார்கள், ஒரு நாள் இரண்டு பேர் இரட்டையர் போல உடுத்தி வருவார்கள், வெள்ளிக்கிழமை பள்ளி நிறத்தில் வருவார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் கூடி அணியை உற்சாகப்படுத்தும் பெப் ராலி நடக்கும். வகுப்புக்கு ஒரு அலங்கார வண்டி ஊர்வலம் போகும். ஆட்டத்தின் இடைவேளையில் மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஹோம்கமிங் ராஜாவுக்கும் ராணிக்கும் முடி சூட்டுவார்கள். அதைத் தொடர்ந்து ஒரு நடனம் இருக்கும்.

குளிர்காலம் கூடைப்பந்தோடு கழியும். வசந்தத்தில் வருவது ப்ராம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்குக் கடற்கரைக் கல்லூரிகளில் இருந்த சம்பிரதாய நடன விருந்து, 1920-கள், 30-களில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இறங்கி வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது ஒரு பெரும் சடங்காகவே ஆகிவிட்டது. பெண்களுக்கு நீளக் கவுன், ஆண்களுக்கு டக்சீடோ, மணிக்கட்டில் கட்டும் பூச்செண்டு, முடிந்தால் வாடகை லிமோசின் என்று ஒரு கல்யாண வீட்டுக்கான ஏற்பாடு நடக்கும். வீட்டு வாசலில் பெற்றோர் எடுக்கும் புகைப்படம் ஆண்டுக்கணக்கில் சுவரில் தொங்கும். மே மாதம் ஆண்டு மலர் கைக்கு வரும். அதன் ஓரங்களில் ஒருவருக்கொருவர் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அப்புறம் தொப்பியும் அங்கியுமாகப் பட்டமளிப்பு.

வெளியில் இருந்து பார்க்கும்போது இதெல்லாம் கேளிக்கை என்று தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்கு இது தாங்கள் இந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்ற அங்கீகாரம். ஹோம்கமிங் ஊரையும் பள்ளியையும் இணைக்கிறது. ப்ராம் பிள்ளைகளைப் பெரியவர்களாக ஊருக்குக் காட்டுகிறது. யார் யாரோடு சேர்ந்து அந்த வாசலில் நுழையலாம் என்பதை ஊர் தீர்மானிக்க நினைப்பதும் அதனால்தான். ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் ஒரே பள்ளி நிகழ்ச்சி நடனம். தெற்கு மாநிலங்களில் இனக் கலப்பு பற்றிய பழைய பயம் முழுவதும் அந்த ஒரு இடத்தில் வந்து குவிந்தது. வெவ்வேறு இனத்தவர் திருமணம் செய்வதைத் தடுத்த சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1967-ல்தான் செல்லாததாக்கியது. பக்கத்து அலபாமா தன் அரசியல் சாசனத்தில் இருந்த அந்தத் தடையை நீக்க 2000 வரை எடுத்துக்கொண்டது. அப்போதும் அது மக்கள் வாக்கெடுப்பில்தான் நீங்கியது.

வில்காக்ஸ் கவுண்டி

கவுண்டி என்பது நம் மாவட்டத்துக்கு இணையான நிர்வாகப் பிரிவு, ஆனால் மிகச் சிறியது. வில்காக்ஸின் மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பில் 9,255. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் கறுப்பினத்தவர். அட்லாண்டாவிலிருந்து காரில் தெற்கே சுமார் இரண்டரை மணி நேரம். நிலக்கடலையும் பருத்தியும் விளையும் தென்ஜார்ஜியாவின் விவசாயப் பகுதி. தலைநகர் ஆபிவில். உயர்நிலைப் பள்ளி இருப்பது ரோஷெல் என்ற சிற்றூரில். 2013-ல் அங்கே படித்தவர்கள் ஏறக்குறைய 400 பேர்.

இந்தப் பள்ளிக்குக் கால்பந்தில் நல்ல பெயர். 2009-ல் ஜார்ஜியாவின் ஏ பிரிவு மாநிலப் பட்டத்தை வென்றது. அந்த அணியை நடத்திச் சென்ற குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல் என்ற கறுப்பின மாணவர். பின்னர் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2013 பருவத்தில் அதைத் தேசிய இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். அவரை ஆதரித்துக் கூச்சலிட்ட அரங்கில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். கிளப்புகள், வகுப்புகள், சாப்பாட்டுக் கூடம், பேருந்து எல்லாம் பொது. ப்ராம் மட்டும் தனித்தனி. இந்த விவரத்தை நான் வேண்டுமென்றே வலியுறுத்துகிறேன். அந்த ஊரில் இரு இனத்தவரும் ஒருவரையொருவர் தெரியாமல் வாழ்ந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகள் சிறு வயதிலிருந்து நண்பர்கள். பிரிவு அறியாமையால் வந்ததென்றால், பழகினாலே அது போயிருக்க வேண்டும்.

ப்ராம் எப்படிப் பள்ளியின் கையை விட்டுப் போனது

1954-ல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, அதை எப்போது நிறைவேற்றுவது என்ற கேள்விக்கு நீதிமன்றம் காலக்கெடு வைக்கவில்லை. அந்த ஓட்டையில் தெற்கு மாநிலங்கள் பதினைந்து ஆண்டுகளைக் கடத்தின. 1964-ன் குடிமை உரிமைகள் சட்டம், மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தத் திட்டத்திலும் இனப் பாகுபாடு கூடாது என்றது. 1968-லும் 1969-லும் வந்த தீர்ப்புகள், இனித் தாமதம் செல்லாது, உடனே ஒன்றிணையுங்கள் என்றன. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் தெற்கின் பெரும்பாலான கிராமப்புறப் பள்ளிகள் உண்மையிலேயே ஒன்றாயின.

அந்தச் சமயத்தில் பல பள்ளி நிர்வாகங்கள் ஒரு முடிவு எடுத்தன. வகுப்பறையை இணைப்பதற்கு நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, நடனத்தை நடத்தச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை. எனவே பள்ளியின் பெயரில் ப்ராம் வேண்டாம். சண்டை வரும், வழக்கு வரும், பெற்றோர் கோபப்படுவார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. பள்ளி கைகழுவியதும் வெள்ளையினப் பெற்றோர் பணம் திரட்டி, ஊருக்கு வெளியே மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் கொடுத்துத் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு ப்ராம் நடத்தினார்கள். கறுப்பினப் பெற்றோரும் வேறு வழியில்லாமல் தங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றை நடத்தினார்கள். இரண்டும் தனியார் விருந்து என்பதால் சட்டம் அவற்றைத் தொட முடியவில்லை. அரசின் செயலைத்தான் அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தம் கட்டுப்படுத்தும், தனி மனிதரின் விருந்தாளிப் பட்டியலை அல்ல.

இது ப்ராமுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க மனமில்லாமல், 1959 முதல் 1964 வரை தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியே வைத்தது. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று எழுந்தது, கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு ஐந்து ஆண்டுப் படிப்பு போயிற்று. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம், பொது நீச்சல் குளங்களை எல்லோருக்கும் திறக்கச் சொன்னபோது, அவற்றைத் திறப்பதற்குப் பதில் மூடிவிட்டது. குளத்தையே மூடிவிட்டால் இரு இனத்தவருக்கும் இழப்பு ஒன்றுதானே என்ற வாதத்தை 1971-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. தாளில் பார்த்தால் சமம். ஊரில் பார்த்தால், வீட்டில் குளம் வெட்டிக்கொள்ள வசதி உள்ளவனுக்கு இழப்பே இல்லை.

வில்காக்ஸில் நடந்ததும் இதே வகைதான். பொதுவானதை மூடினார்கள், தனியாரிடம் இருந்தது தொடர்ந்தது. முதல் தலைமுறையில் இதற்குப் பின்னால் வெளிப்படையான எதிர்ப்பு இருந்தது. இரண்டாம் தலைமுறைக்கு அது வழக்கம் ஆகிவிட்டது. மூன்றாம் தலைமுறையில் கேட்டால், எப்போதும் இப்படித்தான் என்பதே பதில். பாட்டி போன ப்ராம், அம்மா போன ப்ராம் என்று அதற்கு ஒரு பாசமும் சேர்ந்துகொண்டது. தீமையாகத் தொடங்கிய ஒன்று பாரம்பரியம் என்ற மரியாதையைப் பெற இரண்டு தலைமுறை போதும்.

2012 இலையுதிர் காலம்

உடனடித் தூண்டுதல் ப்ராம் அல்ல, ஹோம்கமிங். 2012-ல் பள்ளி இனம் பிரிக்காமல் ஒரே ராஜா, ஒரே ராணி என்று முதல்முறையாகத் தேர்தல் நடத்தியதாக அப்போதைய செய்திகள் கூறின. ராணியாகத் தேர்வானவர் கறுப்பின மாணவி, ராஜாவாகத் தேர்வானவர் வெள்ளையின மாணவர். வாக்குப் பெட்டி ஒன்றானது. மற்றவை ஆகவில்லை. நடனம் தனியார் ஏற்பாடு என்பதால் ராணிக்கு அதற்கு அழைப்பில்லை. ஆண்டு மலருக்கான படத்தில் ராஜாவையும் ராணியையும் சேர்த்து நிறுத்தாமல் தனித்தனியாக எடுத்தார்கள் என்பதையும் மாணவிகள் பேட்டிகளில் சொன்னார்கள்.

நடனத்தைத் தனியார் நடத்தினார்கள், சரி. ஆண்டு மலர் பள்ளியின் வெளியீடு ஆயிற்றே! மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த இருவரை ஒரே படத்தில் நிறுத்தப் பள்ளிக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. தனியார் விருந்தின் பழக்கம் பள்ளிக்குள்ளேயே திரும்பி வந்து, பள்ளியின் சொந்தப் பக்கங்களை வடிவமைத்தது என்பதற்கு இந்தப் படங்களே சாட்சி. நிர்வாகம் தன்னை நடுநிலை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். இந்த நிகழ்வு முழுவதிலும் என்னை அதிகம் வருத்தும் விவரம் இதுவே. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வென்று வந்த இடத்தில், அவளுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

இதற்கு முந்தைய வசந்தத்தில், வெள்ளையர் ப்ராமுக்குள் நுழைய முயன்ற கலப்பின மாணவர் ஒருவரைக் காவலர்கள் திருப்பி அனுப்பியதாகவும் செய்திகள் வந்திருந்தன. தனியார் விருந்தின் வாசலில் அரசுச் சீருடை நின்றது என்றால், அதை எந்த அளவுக்குத் தனியார் விஷயம் என்று சொல்லலாம்?

நான்கு தோழிகள்

இரண்டு கறுப்பின மாணவிகள், இரண்டு வெள்ளையின மாணவிகள். நால்வரும் நெடுநாள் தோழிகள், பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தவர்கள். எங்கும் ஒன்றாகப் போகும் நாங்கள் ப்ராமுக்கு மட்டும் ஏன் பிரிந்து போக வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அவர்களின் பெயர்கள் அன்று ஊடகங்களில் பரவலாக வந்தன. இப்போது அவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போகும் சாதாரண மனிதர்கள் என்பதால் இங்கே தவிர்க்கிறேன்.

அவர்கள் தேர்ந்தெடுத்த வழி கவனிக்கத்தக்கது. வெள்ளையர் ப்ராமில் இடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எங்கள் வீட்டு விருந்துக்கு யாரை அழைப்பது என்பது எங்கள் இஷ்டம் என்ற பதிலோடு கதை முடிந்திருக்கும். வழக்கும் போடவில்லை. வழக்குப் போட எதிராளி யார்? பள்ளி எதையும் நடத்தவில்லையே. மூன்றாவதாக ஒரு ப்ராமைத் தாங்களே நடத்துவது, அதில் பள்ளியின் எந்த மாணவரும் சீட்டு வாங்கி வரலாம் என்று அறிவிப்பது என்று முடிவு செய்தார்கள். ஊருக்குள் நிதி திரட்டினார்கள். ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினார்கள். பள்ளியில் சுவரொட்டி ஒட்டினார்கள். சில சுவரொட்டிகளைக் கிழித்துப் போட்டதாக அவர்களே பேட்டியில் சொல்லியிருக்கிறார்கள்.

உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தி ஒன்று தேசிய ஊடகங்களுக்குப் போனதும் நிலைமை மாறியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நன்கொடைகள் வந்தன. வெளியூர் டீஜேக்கள் இலவசமாக இசை தர முன்வந்தார்கள். வெளியே இருந்து வந்த ஆதரவில் ஊருக்குள் சங்கடமும் வந்தது. தங்கள் ஊரை உலகமே இனவெறி ஊர் என்று பேசுவதை யாருக்குத்தான் பிடிக்கும்? எல்லோரும் ஒரே கடைக்குப் போகும் சிற்றூரில், நால்வரும் அவர்களின் குடும்பங்களும் தினமும் அந்தப் பார்வைகளைத் தாங்கித்தான் நடக்க வேண்டியிருந்தது. வெள்ளையினத் தோழிகள் இருவருக்கும் அதில் தனிச் சுமை. தங்கள் உறவினர்களும் குடும்ப நண்பர்களும் நடத்தும் ப்ராமை அவர்கள் விட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் வராதிருந்தால் மூன்றாவது ப்ராமைக் கறுப்பினத்தவர் ப்ராமின் மறுபெயர் என்று சுலபமாகத் தள்ளியிருப்பார்கள்.

பெரியவர்கள் சொன்னதும் சொல்லாததும்

ஆளுநர் நேதன் டீலிடம், இந்த மாணவிகளை ஆதரித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று பெட்டர் ஜார்ஜியா என்ற அமைப்பு கேட்டது. ஆளுநர் அலுவலகம் அதை எதிர்க்கட்சி சார்ந்த அமைப்பின் விளம்பர வேலை என்று ஒதுக்கித் தள்ளியது. கேட்டவர்களுக்கு அரசியல் நோக்கம் இருந்திருக்கட்டும். அதற்காக நான்கு பள்ளி மாணவிகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஒரு மாநிலத்தின் தலைமைக்கு என்ன தடை? கறுப்பினத்தவர் உரிமைக்கான பழம்பெரும் அமைப்பான என்ஏஏசிபியின் ஜார்ஜியா கிளை பள்ளியே ப்ராம் நடத்த வேண்டும் என்று கோரியது.

பள்ளி வாரியத்தின் நிலைப்பாடு நுணுக்கமானது. ப்ராம் எங்கள் நிகழ்ச்சி அல்ல, ஆகவே நாங்கள் யாரையும் பிரிக்கவில்லை என்பது அதன் அடிப்படை. அதே நேரத்தில், மாணவர்களுக்கான நிகழ்ச்சிகள் பாகுபாடு இல்லாமல் நடக்க வேண்டும் என்பதை ஆதரிப்பதாக ஒரு தீர்மானம் வந்தது, பள்ளியே நடத்துவது பற்றி அடுத்த ஆண்டு பரிசீலிப்பதாகவும் சொல்லப்பட்டது. அதிகாரிகளைக் கொடியவர்களாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்கு முன்பிருந்தவர்கள் விட்டுச்சென்ற ஏற்பாடு அது, தொடாமல் இருப்பது பாதுகாப்பு. ஆனால் தொடாமல் இருந்த ஒவ்வொரு ஆண்டும், அந்த ஏற்பாடு இன்னொரு வகுப்பு மாணவர்களுக்கு வழக்கமாகப் பழகிப்போனது.

பிரிந்த ப்ராமை ஆதரித்தவர்களின் வாதங்களையும் பார்த்துவிடுவோம். இப்படிப்பட்ட ஊர்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது, பிள்ளைகளுக்குப் பிடித்த இசை வேறு, ஆடும் விதம் வேறு, யாருக்கும் மனக்கசப்பு இல்லை என்பது. இசை ரசனை உண்மையிலேயே வேறுபடலாம். அப்படியானால் அழைப்பிதழை ஏன் தோலின் நிறத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்? நாட்டுப்புற இசை பிடித்த கறுப்பினப் பையனும் ராப் பிடித்த வெள்ளையினப் பெண்ணும் அந்த ஊரில் இல்லாமலா போனார்கள்? கறுப்பினக் குடும்பங்களிலும் சிலர் தங்கள் ப்ராமை விரும்பியே நடத்தினார்கள் என்பது வேறு விஷயம், அதை மதிக்க வேண்டும். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று கட்டிய இடத்தில் அன்பும் மகிழ்ச்சியும் சேர்ந்துவிடும். அந்த அன்பை எடுத்துக்காட்டி ஒதுக்கியதை நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த இரவும் அடுத்த ஆண்டும்

கார்டீல் உலகின் தர்பூசணித் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர். அங்கேதான் விருந்து. பாரிஸில் ஒரு முகமூடி நடனம் என்பது அந்த இரவின் கருப்பொருள். இரு இன மாணவர்களும் வந்தார்கள், ஆடினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். எந்த அசம்பாவிதமும் இல்லை. நாற்பது ஆண்டாகப் பள்ளிகள் சொல்லிவந்த காரணம், சண்டை வரும் என்பது. கேமராக்கள் சூழ, ஊர் பதற்றமாக இருந்த ஓர் ஆண்டிலேயே அது வரவில்லை. அதே வசந்தத்தில் வெள்ளையருக்கான தனியார் ப்ராமும் வழக்கம்போல் நடந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். எல்லோரும் மனம் மாறிவிடவில்லை.

2014-ல் வில்காக்ஸ் கவுண்டி உயர்நிலைப் பள்ளி தன் சொந்தப் பெயரில் ப்ராம் நடத்தியது. அந்த நால்வரும் 2013-லேயே பள்ளியை முடித்துவிட்டதால், பயன் அடுத்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. மாணவர்களின் ஒரு முயற்சி நிர்வாகத்தை இவ்வளவு விரைவாக நகர்த்தியதற்குக் காரணம் இருக்கிறது. சண்டை வரும் என்ற வாதத்தை நால்வரும் நடத்திக் காட்டியே முறித்துவிட்டார்கள். நிர்வாகத்திடம் மிஞ்சியது, நாங்கள் ப்ராமே நடத்துவதில்லை என்ற ஒன்றுதான். உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைத் திரும்பத் திரும்பச் சொல்வது எளிதாக இல்லை.

மற்ற ஊர்களோடு வைத்துப் பார்த்தால்

வில்காக்ஸின் எல்லையைத் தொட்டிருக்கும் டர்னர் கவுண்டியில் இதே மாற்றம் 2007-ல் வந்தது. அங்கே மாணவர் தலைவர்கள் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டார்கள், அவர் தன் பொறுப்பில் இருந்த நிதியிலிருந்து பணம் ஒதுக்கினார், பள்ளியே ப்ராம் நடத்தியது. வெளியூர் நன்கொடையும் வேண்டியிருக்கவில்லை, மாணவிகள் மண்டபம் தேடி அலையவும் இல்லை. உள்ளே ஒரு பெரியவர் சரி என்று சொன்னதில் எவ்வளவு சுமை குறைந்தது என்பதற்கு இந்த ஒப்பீடு போதும். எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பார்த்த பிறகும் வில்காக்ஸ் நிர்வாகம் ஆறு ஆண்டுகள் காத்திருந்தது.

மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் என்ற ஊரில், அந்தப் பகுதியில் வளர்ந்த நடிகர் மார்கன் ஃப்ரீமன் 1997-லேயே, எல்லோருக்கும் ஒரே ப்ராம் நடத்துங்கள், செலவு என்னுடையது என்று சொன்னார். யாரும் ஏற்கவில்லை. 2008-ல் மறுபடி சொன்னபோது மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அப்போதும் சில வெள்ளையினப் பெற்றோர் தனியாக ஒன்றை நடத்தினார்கள். பணம் ஒரு தடையே இல்லாத இடத்திலும் பதினோரு ஆண்டு போயிற்று என்றால், பணப் பற்றாக்குறையைக் காரணம் சொன்ன பள்ளிகளின் பேச்சை அதற்கேற்பத்தான் எடை போட வேண்டும்.

இனத்தைத் தாண்டியும் இதே வழி பயன்பட்டிருக்கிறது. 2010-ல் மிசிசிப்பியின் இடவாம்பா கவுண்டியில் ஒரு மாணவி தன் காதலியைத் துணையாக அழைத்துக்கொண்டு ப்ராமுக்கு வர அனுமதி கேட்டாள். அவளை அனுமதிப்பதை விட ப்ராமையே ரத்து செய்வது மேல் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அவள் உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் பெற்றோர் ஒரு ப்ராம் நடத்தப்போவதாகத் தெரிந்ததால் பள்ளியை நடத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. கடைசியில் அவளுக்குச் சொல்லப்பட்ட இடத்துக்கு அவள் போனபோது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே இருந்தார்கள். மற்ற எல்லோரும் வேறு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்னர் கவுண்டியின் பள்ளி நிர்வாகம் 35,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டு, பாகுபாட்டுக்கு எதிரான விதியையும் ஏற்றது. பள்ளி ரத்து செய்வது, பெற்றோர் நடத்துவது, அழைப்புப் பட்டியலில் பெயரை விட்டுவிடுவது என்ற அதே மூன்று படிகள், நாற்பது ஆண்டு கழித்து வேறொரு பெண்ணின் மீது.

இவற்றில் எனக்கு அதிகக் கவலை தருவது ஜார்ஜியாவின் டெய்லர் கவுண்டி. அங்கே 2002-ல் முதல் ஒருங்கிணைந்த ப்ராம் நடந்து, பத்திரிகைகள் பாராட்டின. 2003-ல் வெள்ளையின மாணவர்கள் சிலர் மறுபடி தனியாக ஒன்றை நடத்தினார்கள். முன்னின்று நடத்திய வகுப்பு பட்டம் வாங்கிப் போய்விட்டது, ஊடகமும் போய்விட்டது, பழைய மண்டபமும் பழைய விருந்தாளிப் பட்டியலும் அங்கேயே இருந்தன. மாணவர் இயக்கங்களுக்கு இருக்கும் பெரிய பலவீனம் இது. ஆண்டுதோறும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பெற்றோர் குழுக்களோ பத்துப் பதினைந்து ஆண்டு நிலைத்திருக்கும். அதனால் முதல் பொது ப்ராம் நடந்த உடனேயே அடுத்த ஆண்டுக்கான தேதி பள்ளி நாட்காட்டியில் ஏற வேண்டும், மண்டபச் செலவு பள்ளியின் வரவு செலவுத் திட்டத்தில் வர வேண்டும், பொறுப்பாசிரியர் ஒருவர் பெயர் குறிப்பிடப்பட வேண்டும். ஹோம்கமிங் ராஜாவும் ராணியும் ஒரே படத்தில்தான் ஆண்டு மலரில் வருவார்கள் என்பதையும் அதன் பொறுப்பாசிரியர் எழுதி வைத்துவிடலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, எந்த நீதிமன்றத்தின் உத்தரவும் தேவையில்லை. 2012-லேயே அது முடிந்திருக்கும்.